பதினாறு மணி நேர ஓய்வில் தூக்கம் எத்தனை மணி நேரம்?

ரயில் ஓட்டப் போகிறவர், பணியாளர்கள் வருகை பதியும் க்ரூ லாபிக்குள் நுழைந்ததும் ஒரு கருவியில் ஊத வேண்டும். மூச்சில் மது இருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். பணி முடித்து சைன் ஆஃப் செய்யும்போதும் இதே சோதனை உண்டு. ஆனால் அவர் கடைசியாக எப்போது தூங்கினார், எவ்வளவு நேரம் தூங்கினார் என்று சொல்லும் கருவி எந்த லாபியிலும் இல்லை.

தூக்கமின்மை மதுவுக்குச் சற்றும் குறைந்ததல்ல. 1997-ல் ட்ரூ டாசன், கேத்ரின் ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் ஆஸ்திரேலியாவில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே ஆட்களை ஒரு நாள் தூங்கவிடாமல் வைத்தும், இன்னொரு நாள் மது கொடுத்தும், கண்ணும் கையும் சேர்ந்து செய்யும் ஒரு வேலையில் அவர்களுடைய தடுமாற்றத்தை அளந்தார்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவரின் தடுமாற்றத்துக்குச் சமமாக இருந்தது. 24 மணி நேர விழிப்பில் அது 0.10 சதவீதத்தை நெருங்கியது. நம் நாட்டில் சாலையில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 0.03 சதவீதம்தான். காலை 6 மணிக்கு எழுந்து, பகலில் கண் மூடாமல் இருந்து, இரவு 10 மணிக்குப் பணியேற்று சைன் ஆன் செய்கிறவர் 11 மணிக்கே அந்த 17 மணி நேரத்தைத் தொட்டுவிடுகிறார். இரவு அப்போதுதான் தொடங்குகிறது.

இரவுப் பணியில் ரயிலோடு வேலை செய்கிறவர்கள் ஏன் இப்படிக் களைத்துப்போகிறார்கள், வீட்டுக்கு வந்தும் ஏன் தூங்க முடியவில்லை, அதற்கு என்ன செய்யலாம் என்பதை முதலிலிருந்து பார்க்கலாம். புதிதாகச் சேர்ந்த அசிஸ்டன்ட் லோகோ பைலட்டுக்கும் (ரயில் ஓட்டுநரின் உதவியாளர்), அவரோடு ஒரே வீட்டில் வாழ்கிறவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

தூக்கத்தை நடத்தும் இரண்டு கணக்குகள்

முதல் கணக்கு எளிது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது சேரச் சேரக் கண் கனக்கும், கவனம் சிதறும். தூங்கினால் குறையும். இதைத் தூக்க அழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். பாத்திரத்தில் தண்ணீர் நிரம்புவதும் வடிவதும் போன்றது இது. இந்தக் கணக்கு மட்டும் இருந்தால் பகலில் தூங்கினால் என்ன, இரவில் தூங்கினால் என்ன, எட்டு மணி நேரம் எட்டு மணி நேரம்தான்.

இரண்டாவது கணக்கு அப்படி விடுவதில்லை. கண்ணிலிருந்து வரும் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையின் அடிப்பகுதியில், ஓர் அரிசி மணியைவிடச் சிறிய நரம்புக்கொத்து இருக்கிறது. உடலின் கடிகாரம் அது. சுமார் 24 மணி நேரச் சுற்றில் உடல் வெப்பத்தை ஏற்றி இறக்குகிறது. இருட்டியதும் மெலட்டோனின் சுரக்கச் சொல்கிறது. விடியலில் நிறுத்தச் சொல்கிறது. உயிரணுக்களுக்குள் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று கண்டவர்களுக்குத்தான் 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. விடியற்காலை 3 முதல் 5 மணி வரை உடல் வெப்பம் அடிமட்டத்தில் இருக்கும். விழிப்பும் அப்போதுதான் அடிமட்டத்துக்குப் போகும். நன்றாகத் தூங்கி வந்தவருக்கும் இந்தப் பள்ளம் உண்டு. தூங்காமல் வந்தவருக்கு இரண்டு கணக்கும் ஒரே நேரத்தில் எதிராகத் திரும்புகின்றன.

“பழகினால் சரியாகிவிடும்” என்று மூத்தவர்கள் சொல்வது உண்டு. பொறுத்துக்கொள்ளத்தான் பழகுகிறோம், கடிகாரம் பழகுவதில்லை. அதை நகர்த்துவது வெளிச்சம். தினமும் ஒரே நேரத்தில் இரவு வேலை, பகல் முழுக்க இருட்டு என்று வாழ்ந்தால் அது நாளுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் நகரக்கூடும். காலை 6 மணிக்கு வெயிலில் வீடு திரும்பி, இரண்டு இரவு வேலை, ஒரு பகல் வேலை, ஒரு நாள் ஓய்வு என்று மாறி மாறிப் போகிறவரின் கடிகாரம் எங்கே நகரும்? அது பகலுக்கென்றே அமைந்த நேரத்தில் நிற்கிறது. அவர் மட்டும் அதற்கு எதிராக நடக்கிறார்.

ஈரோட்டிலிருந்து ஒரு கணக்கு

ஈரோட்டைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு கூட்ஸ் லோகோ பைலட்டை, அதாவது சரக்கு ரயில் ஓட்டுநரை, எடுத்துக்கொள்வோம். இரவு 8 மணிக்கு சைன் ஆன் செய்து, காலை 6 மணிக்கு ஈரோட்டிலேயே சைன் ஆஃப் செய்கிறார். 10 மணி நேரப் பணி. எட்டு மணி நேரத்துக்கு மேல் பணி செய்திருப்பதால், தலைமையிடத்தில் அவருக்கு 16 மணி நேர ஓய்வு. கேட்பதற்குத் தாராளமாக இருக்கிறது. கடிகாரத்தில் வைத்துப் பாருங்கள்.

காலை 6 மணியோடு 16-ஐக் கூட்டினால் இரவு 10 மணி. அடுத்த சைன் ஆன் இன்னோர் இரவுக்குள்தான் விழுகிறது. இடையிலிருந்த 16 மணி நேரமும் பகலும் மாலையும்தான்.

வீடு வந்து சேர 7 மணி. குளித்து இரண்டு இட்லி சாப்பிட்டுப் படுக்க 8 மணி. தூக்க அழுத்தம் உச்சத்தில் இருப்பதால் படுத்ததும் தூக்கம் வந்துவிடும். ஆனால் கடிகாரம் இப்போது ஏறுமுகத்தில் இருக்கிறது. உடல் வெப்பம் ஏறுகிறது, மெலட்டோனின் நின்றுவிட்டது. நான்கைந்து மணி நேரத்தில் அழுத்தம் பாதி வடிந்ததும் கடிகாரம் ஜெயித்துவிடும். பகல் 12 மணிக்கோ 1 மணிக்கோ விழிப்பு வந்துவிடும். தெருவில் சத்தம், சமையலறையில் குக்கர் விசில், சித்திரை வெயில் எல்லாம் அதற்கு மேல்.

“சரி, சாயங்காலம் இன்னொரு முறை தூங்கிக்கொள்ளலாம்” என்று நினைப்பார். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மாலை 6 முதல் 9 மணி வரை உடல் கடிகாரம் விழிப்பை மிகவும் பலமாகத் தாங்கிப் பிடிக்கும் நேரம். நாள் முழுக்கச் சேர்ந்த அழுத்தத்தையும் மீறி நாம் இரவுச் சாப்பாடு வரை சுறுசுறுப்பாக இருப்பது அதனால்தான். அந்த நேரத்தில் கட்டிலில் புரண்டால் எரிச்சல்தான் மிஞ்சும். அதற்குள் ‘கால்’, அதாவது பணிக்கு அழைப்பு, வந்துவிடும். சாப்பாடு கட்ட வேண்டும், பெட்டி எடுக்க வேண்டும். ஆக 16 மணி நேர ஓய்வில் அவர் தூங்கியது ஐந்து மணி நேரம். மறுநாள் விடியற்காலை 4 மணிக்கு, கடிகாரம் அடிமட்டத்தில் இருக்கும்போது, அவர் 15 மணி நேரமாக விழித்திருக்கிறார்.

இதுவே மாலை 5 மணிக்கு சைன் ஆஃப் ஆகியிருந்தால்? 16 மணி நேரம் கூட்டினால் காலை 9. இடையில் முழு இரவு. ஏழு, எட்டு மணி நேரம் தூங்கியிருப்பார். தாளில் இரண்டும் ஒரே 16 மணி நேரம்தான். ஓய்வின் நீளத்தைப் போலவே அது கடிகாரத்தின் எந்தப் பக்கத்தில் விழுகிறது என்பதும் முக்கியம். இந்த ஒன்று புரிந்துவிட்டால் இரவுப் பணியைப் பற்றிய பாதி விஷயம் புரிந்த மாதிரி.

வெளியூரில் பணியாளர்கள் தங்கி ஓய்வெடுக்கும் ரன்னிங் ரூமில் கணக்கு இன்னும் இறுக்கம். எட்டு மணி நேரமும் அதற்கு மேலும் பணி செய்து வந்தால் எட்டு மணி நேர ஓய்வு. ஐந்து முதல் எட்டு மணி நேரப் பணி என்றால் ஆறு மணி நேரம். காலை 7 மணிக்கு ஜோலார்பேட்டையில் இறங்கி, குளித்து, சமைத்ததைச் சாப்பிட்டு 8.30-க்குப் படுத்தால், பகல் 3 மணி வண்டிக்கு 2 மணிக்குள் எழுந்தாக வேண்டும். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு 11 மணிக்குக் கால் வந்தால் இருவருமே எழுந்துவிடுவார்கள்.

கூட்ஸ் வண்டிக்காரருக்கு இன்னொரு தொல்லை உண்டு. மெயில், எக்ஸ்பிரஸ் லிங்கில், அதாவது முன்கூட்டியே வகுத்த பணிச் சுற்றில், இருப்பவருக்கு அடுத்த வண்டி எது, எத்தனை மணிக்கு என்று தெரியும். கூட்ஸில் ‘இப்போது வரும், அப்போது வரும்’ என்றே பொழுது போகும். மதியம் வரும் என்று நினைத்த கால் இரவு வரும். எப்போது வேலை என்று தெரியாதவர் எப்போது தூங்குவது என்று எப்படித் திட்டமிடுவார்? நேரம் குறைவாக இருப்பதைவிட நேரம் தெரியாமல் இருப்பதுதான் அதிகம் படுத்துகிறது என்பது என் கணிப்பு.

இதெல்லாம் ஒரு நாளோடு முடிவதில்லை. 2003-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமானவர்களை 14 நாட்கள் தினம் ஆறு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டார்கள். இரண்டு வாரம் முடிந்தபோது அவர்களுடைய கவனம், ஓரிரு இரவு முழுக்கத் தூங்காதவர்களின் அளவுக்குச் சரிந்திருந்தது. கவலைக்குரிய விஷயம் இதற்குப் பிறகு வருகிறது: முதல் சில நாட்களுக்குப் பிறகு அவர்களுக்குத் தூக்கக் களைப்பு கூடிக்கொண்டே போவதாகத் தோன்றவில்லை. திறன் சரிந்துகொண்டே இருந்தது, ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்ற உணர்வு மட்டும் நிலையாக நின்றது. ஆகையால் “நான் நன்றாகத்தான் இருக்கிறேன்” என்று களைத்தவர் சொல்வதை அவரே நம்பக் கூடாது.

எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது

களைப்பு என்றதும் தலை சாய்ந்து குறட்டை விடுவதைத்தான் பலர் கற்பனை செய்கிறார்கள். அது கடைசிக் கட்டம். அதற்கு வெகு முன்பே குட்டித் தூக்கங்கள் வரும். ஒரு வினாடி முதல் பத்துப் பதினைந்து வினாடி வரை மூளை அணைந்து எரியும். கண் திறந்தே இருக்கலாம். தூங்கியவருக்கே தெரியாமல் போகலாம். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு 30 மீட்டருக்கு மேல் போகிறது. ஐந்து வினாடிக் கண்ணயர்வில் 150 மீட்டர் கடந்துவிடும். 1987-ல் ஸ்வீடனில் 11 ரயில் ஓட்டுநர்களின் தலையில் மின்முனைகளைப் பொருத்தி, பணியின்போதே மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். பகல் ஓட்டத்தில் இல்லாத தூக்க அலைகள் இரவு ஓட்டத்தில் தெளிவாகத் தெரிந்தன.

அதற்குத்தான் விழிப்புக் கண்காணிப்புக் கருவி இருக்கிறதே என்று கேட்கலாம். இங்கே வி.சி.டி. என்பார்கள். லோகோ பைலட் 60 வினாடி எதையும் தொடாமல் இருந்தால், அதாவது ஹாரன் அடிக்காமல், வேகத்தைக் கூட்டிக் குறைக்காமல், பிரேக் தொடாமல், அதற்கான பொத்தானையும் அழுத்தாமல் இருந்தால், விளக்கு மின்னும். இன்னும் 8 வினாடி பேசாமல் இருந்தால் ஒலியும் சேரும். மேலும் 8 வினாடி கழித்துத் தானாக பிரேக் விழும். மொத்தம் 76 வினாடி. 110 கிலோமீட்டர் வேகத்தில் அது 2.3 கிலோமீட்டர், பிரேக் பிடிக்கத் தொடங்குவதே அதன் பிறகுதான். மயங்கி விழுந்தவரின் வண்டியை நிறுத்துவதற்கு இந்தக் கருவி அருமையானது. அரைத் தூக்கத்தில் இருப்பவரை அது எழுப்பும் என்று சொல்ல முடியாது. ஆயிரம் முறை அழுத்திப் பழகிய பொத்தானைக் கை தானாக அழுத்திவிடும். மூளை விழிக்க வேண்டிய அவசியமே இல்லை.

களைப்பில் முதலில் போவது கையின் வேகம் அல்ல, எதிர்பாராததைக் கவனிக்கும் திறன். தொடர்ந்து பத்துப் பன்னிரண்டு பச்சை வந்த பிறகு டபுள் எல்லோ, அதாவது முன்னெச்சரிக்கையான இரட்டை மஞ்சள் விளக்கு, வரும்போது கண் அதைப் பார்க்கும், வாய் அதைச் சொல்லக்கூடச் சொல்லும், மனதில் மட்டும் பதியாது. அடுத்த சிக்னல் எல்லோவாகும்போது வேகம் குறைந்திருக்காது. சிவப்பைத் தாண்டிப் போகும் சம்பவங்களில் பல இப்படிப்பட்ட மறதியில் தொடங்குபவை.

சிக்னலை இருவரும் சத்தமாகச் சொல்லிக்கொள்ள வேண்டும், கையாலும் காட்ட வேண்டும் என்ற விதி இதனால்தான் பொன்னானது. உடம்பை அசைத்து, குரலை எழுப்பி, இன்னொருவரின் பதிலைக் காதில் வாங்கும்போது மூளைக்கு நழுவ இடம் குறைகிறது. முனகலாகச் சொன்னால் பயன் போய்விடும். ஆனால் இதற்கும் ஒரு எல்லை உண்டு. லோகோ பைலட்டும் அசிஸ்டன்ட்டும் ஒரே நேரத்தில் சைன் ஆன் செய்தவர்கள். பெரும்பாலும் ஒரே ரன்னிங் ரூமில், ஒரே மாதிரி அரைகுறையாகத் தூங்கி எழுந்தவர்கள். ஒருவர் பள்ளத்தில் இருக்கும் அதே 4 மணிக்கு மற்றவரும் பள்ளத்தில் இருப்பார். இருவர் இருப்பதால் ஆபத்து பாதியாகிவிடும் என்று கணக்குப் போட முடியாது.

1986 பிப்ரவரி 8 அன்று கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் ஹிண்டன் அருகே ஒரு சரக்கு ரயில் சிக்னலை மதிக்காமல் போய்ப் பயணிகள் ரயிலோடு நேருக்கு நேர் மோதியது. 23 பேர் இறந்தார்கள். அந்தச் சரக்கு ரயிலில் ஆள் ஒருவர் மட்டும் இல்லை, குழுவே இருந்தது. நீதிபதி ஃபாய்சி தலைமையிலான விசாரணை, பணியாளர்களின் களைப்பையும் அதைச் சகஜமாக ஏற்றுக்கொண்டிருந்த ரயில்வேயின் போக்கையும் கடுமையாகச் சுட்டியது. காலால் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டிய பாதுகாப்பு மிதி அங்கேயும் இருந்தது. களைப்பு தாங்காத ஓட்டுநர்கள் அதன் மேல் தேய்ந்த பிரேக் கட்டையைத் தூக்கி வைத்துவிடும் வழக்கமும் இருந்தது. களைத்த உடம்பு எந்தக் கருவியையும் சுற்றிக்கொண்டு போக வழி தேடும்.

கேட்டிலும் தண்டவாளத்திலும்

எஞ்சினைப் பற்றி இவ்வளவு பேசுவதால் மற்றவர்களை மறந்துவிடக் கூடாது. லெவல் கிராசிங்கில் தனியாக உட்கார்ந்திருக்கும் கேட் கீப்பரின் வேலை, தூக்கம் வருவதற்கென்றே அமைந்தது போன்றது: தனிமை, இருட்டு, நீண்ட அமைதி, நடுவில் ஒரு போன். ‘இடைவிட்ட வேலை’ என்று வகைப்படுத்தி 12 மணி நேர ரோஸ்டர் (பணிநேர அட்டவணை) போடும்போது இந்த அமைதியை ஓய்வு என்று எண்ணிவிடுகிறார்கள். அது ஓய்வல்ல, விழிப்பைத் தாங்குவதற்கு மிகக் கடினமான நேரம். எட்டு மணி நேர ரோஸ்டர் கேட்பது சொகுசுக்காக அல்ல. இரவு ரோந்து போகும் ட்ராக்மேனுக்கு நடை இருப்பதால் தூக்கம் குறைவு. ஆனால் களைத்தவரின் காது, பக்கத்து லைனில் வரும் வண்டியின் சத்தத்தைத் தாமதமாகவே வாங்கும்.

எல்லோருக்கும் பொதுவான ஆபத்து காலையில் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகும் பைக். இரவெல்லாம் விழித்தவர், கூட்டமான சாலையில், தலைக்கவசத்துக்குள் கொட்டாவி விட்டுக்கொண்டு. லாபியில் அரை மணி நேரம் சாய்ந்துவிட்டுப் போனாலும் நல்லது. பஸ்ஸோ, வீட்டிலிருந்து யாரேனும் வந்து அழைத்துப் போவதோ அதைவிட நல்லது.

நடைமுறையில் செய்யக்கூடியவை

முதல் இரவுப் பணிக்கு முன்பு மதியம் தூங்குங்கள். பகல் 2 முதல் 4 மணிக்குள் உடல் கடிகாரத்தில் ஒரு சிறு பள்ளம் உண்டு. சாப்பிட்ட பிறகு கண் சொருகுவது அதனால்தான். அந்த நேரத்தில் ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் ஒரு முழுத் தூக்கச் சுற்று முடிந்துவிடும். அவ்வளவு கிடைக்காவிட்டால் 20 நிமிடத்தோடு எழுந்துவிடுவது மேல். 40, 50 நிமிடத்தில் ஆழ்ந்த தூக்கத்தின் நடுவில் எழுப்பப்பட்டால் தலை பாரமாக இருக்கும். ஆறு மணிக்கு மேல் படுத்துப் போராட வேண்டாம். காரணம் மேலே சொன்னதுதான்.

தூங்கி எழுந்த மயக்கத்தையும் கணக்கில் சேருங்கள். ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்தவருக்கு முதல் 15 முதல் 30 நிமிடம் வரை தீர்மானம் எடுக்கும் திறன் மங்கியிருக்கும். தூக்கக் கடன் இருந்தால் இன்னும் நீளும். ரன்னிங் ரூமில் கடைசி நிமிடம் வரை படுத்திருந்து ஓடிப்போய் வண்டியைப் பொறுப்பேற்காதீர்கள். குறைந்தது முக்கால் மணி நேரம் முன்பே எழுந்து, முகம் கழுவி, வெளிச்சத்தில் நடந்துவிட்டு ஏறுங்கள்.

காபியைக் கடிகாரம் பார்த்துக் குடிக்க வேண்டும். அடினோசின் உட்காரும் இடத்தில் காஃபின் போய் உட்கார்ந்துகொள்வதால் அழுத்தம் தெரியாமல் போகிறது, அழுத்தம் குறைந்துவிடவில்லை. குடித்து 20, 30 நிமிடம் கழித்துத்தான் வேலை செய்யும். உடலில் பாதி வெளியேற ஐந்து மணி நேரம் ஆகும். எனவே பணியின் முற்பாதியில் ஒரு காபி, இரவு 2 மணிவாக்கில் இன்னொன்று என்று நிறுத்திக்கொள்ளலாம். விடியற்காலை 5 மணிக்குக் குடித்த காபியில் பாதிக்கு மேல், காலை 8 மணிக்கு நீங்கள் படுத்த பிறகும் உடலில் வேலை செய்துகொண்டிருக்கும், தூக்கத்தை மேலோட்டமாக்கிவிடும்.

பெரிய சாப்பாட்டை இரவு 9 மணிக்கு முன்பு முடித்துவிடுங்கள். நள்ளிரவுக்கு மேல் ஜீரணமும் சர்க்கரையைக் கையாளும் திறனும் குறைந்திருக்கும். அந்த நேரத்துக்கு இரண்டு இட்லி, சுண்டல், வாழைப்பழம் போதும். நள்ளிரவு பிரியாணி வயிற்றெரிச்சலையும் தூக்கத்தையும் சேர்த்துக் கொண்டுவரும். தண்ணீரைக் குறைக்காதீர்கள். கழிவறை இல்லாத எஞ்சின்கள் இன்னும் நிறைய ஓடுவதால் பலர், முக்கியமாகப் பெண் லோகோ பைலட்டுகள், தாகத்தை அடக்கியே பணி செய்கிறார்கள். நீர் வற்றினால் தலைவலியும் களைப்பும் கூடும். இது தனி ஆள் தீர்க்கக்கூடிய பிரச்சினை அல்ல. எஞ்சினில் கழிவறை வைக்க வேண்டியது நிர்வாகத்தின் கடமை.

வீடு வந்ததும் ஒரு மணி நேரத்துக்குள் படுத்துவிடுங்கள். பாங்க் வேலை, ரேஷன் கடை என்று 11 மணி வரை இழுத்துவிட்டால் கடிகாரம் நன்றாக ஏறிவிட்டிருக்கும். இருந்த ஐந்து மணி நேரம் மூன்றாகும். அறை, கையை நீட்டினால் விரல் தெரியாத அளவு இருட்டாக இருக்க வேண்டும். கனமான கறுப்புத் துணியை ஜன்னல் சட்டத்தோடு ஒட்டித் தைத்து மாட்டுங்கள். ஓர இடுக்கில் வரும் வெளிச்சமே போதும் கெடுப்பதற்கு. மின்விசிறியின் ஒரே சீரான சத்தம் தெருச் சத்தத்தை மறைக்கும். போனை முழுக்க அணைக்க முடியாது, கால் வர வேண்டும். லாபியின் எண்ணுக்கு மட்டும் ஒலி வைத்து மற்றதை அடக்கிவிடுங்கள். நடுவில் 12 மணிக்கு விழித்துவிட்டால் புரளாதீர்கள். எழுந்து சாப்பிட்டு, 3 மணிக்கு மறுபடி படுங்கள். இரண்டு துண்டாகத் தூங்கினாலும் மொத்தம் ஏழு மணி நேரம் சேர்ந்தால் அது நல்ல பகல்.

கடைசி இரவு முடிந்து ஓய்வு நாள் தொடங்கும் காலையில் மட்டும் நேர்மாறு. இரண்டு, மூன்று மணி நேரத்தோடு எழுந்துவிடுங்கள். அன்று இரவு சீக்கிரம் தூக்கம் வரும்; முழு இரவும் கிடைக்கும்.

தூக்கத்துக்காகக் குடிப்பது பலன் தராது. மது தூக்கத்தைச் சீக்கிரம் கொண்டுவந்து பின்பாதியை உடைத்துவிடும். சளி, அரிப்புக்குக் கொடுக்கும் குளோர்பெனிரமின், செட்டிரிசின் போன்ற மாத்திரைகளில் மயக்கம் உண்டு. எந்த மருத்துவரிடம் போனாலும் “நான் ரயில் ஓட்டுகிறேன், இரவுப் பணி” என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பகலில் தூங்குகிறவரைச் சோம்பேறி என்று பார்க்கும் கண் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. காலை 9 மணிக்கு அவரை எழுப்புவது, உங்களை இரவு 1 மணிக்கு எழுப்புவதற்குச் சமம். இரவுப் பணி முடித்து வரும் பெண்ணுக்கு அந்தத் தூக்கம்கூட எளிதில் வாய்ப்பதில்லை. சைன் ஆஃப் செய்து வந்ததும் அடுப்பு காத்திருக்கும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டியிருக்கும். அந்தக் காலை வேலைகளை வேறு யாராவது எடுத்துக்கொள்ளாதவரை, மேலே சொன்ன எந்த யோசனையும் அவருக்குப் பயன்படாது.

குறட்டையைச் சிரித்து விடாதீர்கள்

ஏழு மணி நேரம் தூங்கியும் களைப்புத் தீரவில்லை என்றால் தூக்கத்திலேயே கோளாறு இருக்கலாம். தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுக்குழல் அடைபடுவதும், மூளை திடுக்கிட்டு எழுப்பி மூச்சை மீட்பதும் ஒரு மணி நேரத்தில் முப்பது முறைக்கு மேல்கூட நடக்கலாம். தூங்குகிறவருக்கு எதுவும் நினைவிருக்காது. பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தெரியும்: பலத்த குறட்டை, திடீரென்று மௌனம், பிறகு மூச்சுத் திணறி ஒரு உறுமல். கூடவே கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேல், ரத்த அழுத்தம், உடல் பருமன், காலைத் தலைவலி இருந்தால் தூக்கப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும்.

2013 டிசம்பர் 1 காலை, நியூயார்க்கில் மெட்ரோ நார்த் பயணிகள் ரயில் ஒன்று, மணிக்கு 48 கிலோமீட்டரில் போக வேண்டிய வளைவில் 132 கிலோமீட்டரில் போய்த் தடம் புரண்டது. நான்கு பேர் இறந்தார்கள். ஓட்டுநருக்குக் கண்டறியப்படாத தீவிரத் தூக்க மூச்சடைப்பு இருந்தது. அதோடு, விபத்துக்குச் சற்று முன்புதான் அவருடைய பணி நேரம் அதிகாலைக்கு மாறியிருந்தது. நோயும் கடிகாரமும் சேர்ந்துகொண்டன. சிகிச்சை இல்லாத நோயல்ல இது: இரவில் மூக்கின் மேல் ஒரு கவசம் வழியாகக் காற்றழுத்தம் தரும் சிறு கருவி பலருக்கு முதல் வாரத்திலேயே வித்தியாசம் காட்டும். சொன்னால் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் மறைப்பதுதான் உண்மையான ஆபத்து.

விதி என்ன சொல்கிறது, எங்கே குறைகிறது

1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம், 133-ஆம் பிரிவில், வண்டியோடு ஓடும் பணியாளர்களுக்கு மாதத்தில் குறைந்தது நான்கு முறை 30 மணி நேரமோ, ஐந்து முறை 22 மணி நேரமோ தொடர் ஓய்வு தரச் சொல்கிறது; அதில் ஒரு முழு இரவு அடங்க வேண்டும் என்றும் சொல்கிறது. சட்டம் எழுதியவர்களுக்கே இரவின் மதிப்பு தெரிந்திருக்கிறது. சிக்கல், இந்த 30 மணி நேரத்துக்குள் வழக்கமான 16 மணி நேரத்தையும் அடக்கிவிடுவதில் வருகிறது. திங்கள் காலை 6 மணிக்கு சைன் ஆஃப் என்றால் 30 மணி நேரம் செவ்வாய் மதியம் 12-க்கு முடிந்துவிடும். கையில் கிடைத்தது ஒரே இரவு. தொடர் இரவுகளின் கடனை ஒரு இரவில் அடைக்க முடியாது. 16-ஐயும் 30-ஐயும் தனித்தனியாகக் கூட்டி 46 மணி நேரம் தந்தால், ஓய்வு புதன் விடியற்காலை 4 மணி வரை நீளும். இரண்டு இரவுகள் அதற்குள் வரும். 2024 ஜூனில் தெற்கு ரயில்வே லோகோ பைலட்டுகள் இந்த 46 மணி நேரத்தையும், தொடர்ந்து இரண்டு இரவுக்கு மேல் பணி கூடாது என்பதையும் வைத்துப் போராடினார்கள். தூக்கத்தைப் பற்றித் தெரிந்த யார் கணக்குப் போட்டாலும் இந்தக் கோரிக்கையின் பக்கம்தான் வந்து நிற்பார்கள்.

அமெரிக்காவில் 2008-ஆம் ஆண்டின் ரயில் பாதுகாப்புச் சட்டம், பணிக்குப் பின் 10 மணி நேரம் ஓய்வு என்பதோடு, அந்த 10 மணி நேரத்தில் நிர்வாகம் போன் செய்து தொந்தரவு செய்யக் கூடாது என்றும் சேர்த்தது. எளிய வாக்கியம், ஆனால் தூக்கம் எங்கே உடைகிறது என்று தெரிந்தவர்கள் எழுதியது.

14 நாள் நோட்டு

களைப்பை நிரூபிக்க ஊதும் கருவி இல்லை என்பதால், எழுதி வைப்பதுதான் வழி. ஒரு சின்ன நோட்டில் நாளுக்கு ஒரு வரி, ஐந்து கட்டம்: சைன் ஆன் நேரம், சைன் ஆஃப் நேரம், படுத்த நேரம், எழுந்த நேரம், விடியற்காலை 4 மணிக்கு எப்படி இருந்தீர்கள் என்பதற்கு ஒன்று முதல் ஒன்பது வரை ஓர் எண். முழு விழிப்புக்கு ஒன்று, கண்ணைத் திறந்து வைக்கவே போராட்டம் என்றால் ஒன்பது. இரண்டு துண்டாகத் தூங்கினால் இரண்டையும் எழுதுங்கள். ஓய்வு நேரத்தை எழுத வேண்டாம், தூங்கிய நேரத்தை மட்டும். பணிக்கு முந்தைய 24 மணி நேரத்தில் ஐந்து மணி நேரத்துக்குக் குறைந்த நாட்களையும், 48 மணி நேரத்தில் 12-க்குக் குறைந்த நாட்களையும் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். ரயில்வே மருத்துவமனைக்குப் போகும்போதும், ரோஸ்டரைப் பற்றி லாபியில் பேசப் போகும்போதும் அந்த நோட்டைச் சட்டைப் பையில் எடுத்துப் போங்கள்.